தறி போர்டு ரீசெட் ஆகும் கணத்தைப் பிடிக்க: ஸ்கோப்பில் ட்ரிக்கர் வைக்கும் முறை

சேலம் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் இருந்து என் மேசைக்கு அதிகம் வருவது, ஊடை அறுந்ததும் தறியை நிறுத்தும் கன்ட்ரோல் போர்டுதான். "நல்லாத்தான் ஓடுதுங்க, திடீர்னு நின்னுட்டுத் தானா மறுபடி ஆன் ஆகுதுங்க" என்பார்கள். மேசையில் வைத்தால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். கூடத்துக்குப் போனால் ரீசெட். இதைப் புரோகிராமில் பிரிண்ட் வரிகள் போட்டுப் பிடிக்க முடியாது, ஏனென்றால் எழுத வேண்டிய சிப்பே அந்தக் கணத்தில் இல்லை. மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், அதாவது ஸ்கோப்தான் காத்திருந்து பிடிக்க வேண்டும். போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப் எஸ்டிஎம்32 எஃப்103 என்று வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. போர்டில் டிரான்ஸ்ஃபார்மரோ மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தப்பட்ட எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையோ இல்லாமல், 230 வோல்ட்டில் இருந்து நேராகக் கெப்பாசிட்டர் வழியாகச் சப்ளை எடுத்திருந்தால் கிளிப்பை மாட்டவே கூடாது. ஸ்கோப் போகும், ஆள் உயிரும் போகலாம்.

சரி, எந்த சிக்னலில் ட்ரிக்கர், அதாவது "இது நடந்ததும் பதிவு செய்" என்ற நிபந்தனை வைப்பது? பலர் 3.3 வோல்ட் லைனில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் சிப்பின் ரீசெட் பின்னான என்ஆர்எஸ்டியில் வைப்பேன். வாட்ச்டாக் (புரோகிராம் சிக்கிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்யும் உள் டைமர்) போன்ற உள் காரணத்தால் சிப் ரீசெட் ஆனாலும், அது தானே அந்தப் பின்னைக் குறைந்தது 20 மைக்ரோ விநாடி கீழே இழுத்துப் பிடிக்கும். ஆக, காரணம் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் தடயம் ஒரே பின்னில் கிடைக்கிறது.

ப்ரோப்பை 10 எக்ஸில் வையுங்கள், ஸ்கோப் மெனுவிலும் 10 எக்ஸ் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ட்ரிக்கர் லெவல் பத்து மடங்கு தப்பும். கப்ளிங் டிசி. லெவல் 1.5 வோல்ட். மோடு ஆட்டோ வேண்டாம். சிக்னல் வராவிட்டாலும் அது திரையைப் புதுப்பித்து, பிடித்ததை அழித்துவிடும். சிங்கிள் வையுங்கள், ஒரு முறை பிடித்ததும் ஸ்கோப் அப்படியே நின்றுவிடும். ட்ரிக்கர் புள்ளியைத் திரையின் வலது பக்கம் தள்ளுங்கள். நமக்கு வேண்டியது ரீசெட்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதானே. மெமரி டெப்த்தை (எத்தனை புள்ளிகள் பதிவாக வேண்டும் என்ற அளவு) முழுசாகத் திறந்துவிடுங்கள், அப்புறம் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இனிதான் முக்கியமான இடம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டர் விடும் ஒவ்வொரு முறையும் என்ஆர்எஸ்டியில் ஊசி ஊசியாக இரைச்சல் வரும். சிக்னல் லெவலைக் கடந்தாலே பிடிக்கும் வெறும் எட்ஜ் ட்ரிக்கர் ஒவ்வொரு ஊசிக்கும் நிற்கும். அதனால் பல்ஸின் அகலத்தைப் பார்க்கும் பல்ஸ் விட்த் ட்ரிக்கருக்கு மாறுங்கள்: கீழ்நோக்கிய பல்ஸ், 100 நானோ விநாடிக்கு மேல். எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 100 நானோ விநாடிக்குள் முடியும் பல்ஸைச் சிப்பின் உள் ஃபில்டரே ஒதுக்கிவிடும். 300 தாண்டினால் ரீசெட் உறுதி. சிப் கண்டுகொள்ளாததை ஸ்கோப்பும் கண்டுகொள்ள வேண்டாம்.

பிடிபட்ட பல்ஸின் அகலம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். 20 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலும் சிப்புக்குள்ளிருந்து வந்தது. சில நூறு நானோ விநாடிதான் என்றால் வெளியிலிருந்து புகுந்த இரைச்சல். புரோகிராம் தொடங்கியதும், ரீசெட்டின் காரணத்தைக் கொடிகளாக (ஃப்ளாக்) வைத்திருக்கும் ஆர்சிசி சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரைப் படித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பின் ரீசெட் கொடி எல்லா வகை ரீசெட்டிலும் ஏறும். அது மட்டும் தனியாக ஏறியிருந்தால்தான் வெளிக்காரணம். படித்ததும் கொடிகளை அழிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய கொடி அடுத்த முறை குழப்பும்.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை. ப்ரோப்பின் நுனியை, அதன் கிரவுண்ட் கிளிப் மாட்டிய அதே இடத்தில் வைத்துத் தறியை ஓட்டி நிறுத்துங்கள். அப்போதும் ஊசிகள் வந்தால் அதைப் பிடிப்பது போர்டு இல்லை, கிளிப்பின் நீள ஒயர். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, ப்ரோப்போடு வரும் சின்ன ஸ்பிரிங்கைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் சேனலில் 3.3 வோல்ட்டைப் பாருங்கள். அது விழுந்த பிறகு ரீசெட் வந்தால் வேலை சப்ளையில் இருக்கிறது. வாட்ச்டாக் என்று தெரிந்தால், சும்மா கிடக்கும் ஒரு பின்னை அவுட்புட்டாக்கி, சந்தேகப்படும் ஃபங்ஷனின் முதல் வரியில், பின்னை ஏற்றி இறக்கும் பிஎஸ்ஆர்ஆர் ரெஜிஸ்டரில் எழுதி ஏற்றுங்கள், முடிவில் இறக்குங்கள். ரீசெட்டில் அந்தப் பின் மிதக்கும் இன்புட் ஆகிவிடும், அதனால் 10 கிலோ ஓமால் கீழே இழுத்து வையுங்கள். மோட்டார் ஓடும்போது, புரோகிராமை நடுவில் நிறுத்தும் பிரேக்பாயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம்: சிப் நின்றால் ரிலே அப்படியே பிடித்திருக்கும், தறி நிற்காது.

தறி போர்டுகளில் நான் பெரும்பாலும் பார்ப்பது அந்தக் குறுகிய பல்ஸைத்தான். என்ஆர்எஸ்டியை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் உள் ரெசிஸ்டர் (புல்-அப்) சுமார் 40 கிலோ ஓம், மிகவும் பலவீனம். என்ஆர்எஸ்டிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சிப்பை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸுக்கான வகை) கெப்பாசிட்டரும் தொடராகப் போடுங்கள். ட்ரிக்கர் அமைப்பைத் தொடாமல், அதே தறியில், அதே ப்ரோப்போடு ஒரு ஷிஃப்ட் முழுக்க விட்டுவிட்டு வாருங்கள். அதுவரை ஸ்கோப் நிற்காமல் இருந்தால் போர்டைக் கொடுத்துவிடலாம்.