சைக்கோபதி பற்றிய ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி?

நம் நாளிதழ்கள் 'சைக்கோ' என்ற ஒரே சொல்லை முற்றிலும் வேறுபட்ட இரண்டு பேருக்குச் சூட்டுகின்றன. காதில் யாரோ பேசுவதாகச் சொல்லி அஞ்சி ஒடுங்கும் மனச்சிதைவு நோயாளியும் சைக்கோ. குரலில் சிறு தடுமாற்றமும் இல்லாமல் பொய் சொல்லி, ஏமாற்றியவரைப் பற்றித் துளியும் வருந்தாதவரும் சைக்கோ. முன்னவருக்கு இருப்பது சைக்கோசிஸ். அவருக்கு நடப்பு உலகத்தோடு உள்ள தொடர்பு அறுந்திருக்கிறது. பின்னவரைப் பற்றிப் பேசும்போதுதான் சைக்கோபதி என்ற சொல் வருகிறது. அவருக்குச் சூழலும் சட்டமும் தன் செயலின் விளைவும் தெளிவாகவே தெரியும். ஆய்வுக் கட்டுரையைத் திறப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கட்டுரையைத் திறந்ததும் சுருக்கத்தையும் முடிவுரையையும் தள்ளி வைத்துவிட்டு, ஆய்வு முறை பற்றிய பகுதிக்கு நேரே செல்லுங்கள். அங்கே தேட வேண்டியது ஒரே கேள்விக்கான விடை: யாரை, எந்தக் கருவியால் அளந்தார்கள்? இந்தத் துறையில் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி, வெவ்வேறு ஆட்களை வெவ்வேறு அளவுகோல்களால் அளந்துவிட்டு ஒரே பெயரைச் சூட்டுவதால் வருபவை என்பது என் கணிப்பு.

மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-இல் சைக்கோபதி தனியொரு நோயறிதலாக இல்லை. 1980-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பிலிருந்து அங்கே இருப்பது சமூக விரோத ஆளுமைக் கோளாறு. இந்த நோயறிதலைத் தர ஒருவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறின் (சிறுவயதில் தொடர்ந்து விதிமீறி நடக்கும் நிலை) அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். கைதுக்குரிய செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தல், வஞ்சகம், முன்யோசனையின்மை, சண்டைக்குப் போகும் முரட்டுத்தனம், தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் மதியாமை, வேலையிலும் கடனிலும் தொடர்ந்து பொறுப்பின்மை, வருந்தாமை ஆகிய ஏழில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்து இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏழில் மூன்றோ அதற்கு மேலோ அமையக்கூடிய சேர்க்கைகள் 99. அவற்றில் 42 சேர்க்கைகளில் 'வருந்தாமை' இடம்பெறவே இல்லை. அதாவது, தான் செய்ததை நினைத்து இரவெல்லாம் உறக்கமின்றிப் புரளும் ஒருவரும் இந்த நோயறிதலுக்குள் வர இயலும். ஒரே நோயறிதலைப் பெற்ற இருவருக்கு இடையே ஒரு பண்புகூடப் பொதுவாக இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆகவே, கட்டுரை இந்த அளவுகோலை மட்டும் பயன்படுத்திவிட்டுத் தலைப்பில் சைக்கோபதி என்று எழுதியிருந்தால், அந்தத் தலைப்பை அடித்துவிட்டு வாசிப்பதே நல்லது.

சைக்கோபதிக்கென வந்த கருவியின் கதை வேறு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி சைக்கோபதி பற்றி 1941-இல் எழுதிய நூலில் வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் அவர் கண்டவர்கள். கொடூரக் குற்றவாளிகள் என்று சொல்ல முடியாதவர்களும் அவர்களில் நிறையவே உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹேர் இந்தக் கருத்தைச் சிறைக்குள் கொண்டுசென்று, கைதிகளை அளக்கும் ஒரு பட்டியலை 1980-இல் அமைத்தார். அதன் திருத்திய வடிவமான பிசிஎல்-ஆர் 1991-இலும் இரண்டாம் பதிப்பு 2003-இலும் வந்தன. குற்றச் செயல் சைக்கோபதியின் உள்ளியல்பா அல்லது அதன் விளைவுகளுள் ஒன்றா என்று இன்றுவரை தொடரும் விவாதத்தின் வேர் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

பிசிஎல்-ஆர் என்பது 20 உருப்படிகள் கொண்ட பட்டியல். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் கைதியுடன் நீண்ட நேரம் பேசி, வழக்கு ஆவணங்களையும் பழைய பதிவுகளையும் படித்துவிட்டு, ஒவ்வோர் உருப்படிக்கும் 0 (பண்பு இல்லை), 1 அல்லது 2 (தெளிவாக உண்டு) தருகிறார். மொத்தம் 40. 'வருந்தாமை' என்ற உருப்படியை எடுத்துக்கொள்வோம். கைதி கண்கலங்கி, "செய்தது தப்புத்தான் சார்" என்கிறார். ஆவணத்திலோ, ஜாமீனில் வெளியே வந்த மறுவாரமே பாதிக்கப்பட்டவரின் வீட்டு வாசலில் நின்று மிரட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. பேச்சை மட்டும் கேட்டவர் 0 போடுவார். ஆவணத்தையும் படித்தவர் 2 போடக்கூடும். ஆவணம் பார்க்காமல் மதிப்பெண் போட்ட ஆய்வா என்று முறைப் பகுதியில் தேடச் சொல்வது இதனால்தான்.

வட அமெரிக்காவில் ஒருவருக்குச் சைக்கோபதி என்று சொல்ல 30-ஐ எல்லையாகக் கொள்வது வழக்கம். ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் அது 25. அளவீட்டுப் பிழையே சுமார் 3 மதிப்பெண் இருக்கும் கருவியில், 29 வாங்கியவரையும் 30 வாங்கியவரையும் இரு வேறு இனங்களாகப் பிரிப்பதில் பொருளில்லை. மதிப்பெண்ணை எல்லைக்கோடாக வெட்டாமல் தொடர் அளவாகவே எடுத்துக்கொண்ட ஆய்வுகளுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

உருப்படிகளை ஒவ்வொன்றாக வாசிப்பதும் பயன்தரும். 'குறுகிய காலத் திருமண உறவுகள் பல' என்பது அவற்றில் ஒன்று. பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணமும், மணமுறிவுக்கு வாசலிலேயே தடை போடும் உறவினர் கூட்டமும் உள்ள நம் ஊரில் இந்த உருப்படி எதை அளக்கும்? ஆளின் மனத்தையா, குடும்பத்தின் கட்டுப்பாட்டையா? கனடாவில் உருவான கருவியை இங்கே அப்படியே பெயர்த்துப் பயன்படுத்தும் ஆய்வு கண்ணில் பட்டால் முதலில் இந்த இடத்தைப் புரட்டிப் பாருங்கள்.

அளந்தவர் யார் என்பதும் அளவைப் பாதிக்கிறது. அமெரிக்காவில் டேனியல் மரியும் மார்க்கஸ் பொக்காசினியும் சகாக்களுடன் 2013-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், தடயவியல் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சம்பளம் தந்து ஒரே நான்கு வழக்குக் கோப்புகளைக் கொடுத்தார்கள். சிலரிடம் உங்களை அமர்த்தியது அரசுத் தரப்பு என்றும், சிலரிடம் எதிர்த் தரப்பு என்றும் சொன்னார்கள். கோப்பு மாறவில்லை, மதிப்பெண் மாறியது: அரசுத் தரப்புக்கு வேலை செய்வதாக நம்பியவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். எனவே, மதிப்பீட்டாளருக்கு ஆய்வின் எதிர்பார்ப்பு தெரிந்திருந்ததா, இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டார்களா என்ற தகவல் கட்டுரையில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

கல்லூரி மாணவர்கள் தாங்களே நிரப்பும் வினாத்தாள்களை வைத்தும் ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. பொய் சொல்வதை ஒரு பண்பாகக் கொண்ட நிலையை 'நான் பொய் சொல்வேன்' என்ற வரிக்கு நேரே போடும் டிக் குறியால் அளப்பதில் உள்ள வேடிக்கையைச் சொல்லத் தேவையில்லை. அவை பயனற்றவை அல்ல. பண்புகள் பொதுமக்களிடையே எப்படிப் பரவியுள்ளன என்பதை அவை காட்டும். ஆனால் அந்த முடிவைச் சிறைக்கைதிகளுக்கோ, கைதிகளின் முடிவை மேலாளர்களுக்கோ ஏற்றிச் சொல்லக் கூடாது.

'எத்தனை சதவீதம்' என்ற எண்ணைக் கண்டால் உடனே, 'எத்தனை பேரில், எந்த இடத்தில்' என்று கேளுங்கள். ஆய்வாளர்கள் சீனா ஃபசலும் ஜான் டனேஷும் 2002-இல் லான்செட் மருத்துவ இதழில் 12 நாடுகளின் 62 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆண் கைதிகளில் 47 சதவீதத்தினருக்கும் பெண் கைதிகளில் 21 சதவீதத்தினருக்கும் சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருந்தது. பிரிட்டனில் வீடுகளில் வாழும் பெரியவர்களிடையே ஜெரமி காய்ட் குழுவினர் நடத்தி 2009-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் சைக்கோபதி 0.6 சதவீதம். முதல் எண் சிறைக்குள் ஒரு கோளாறைப் பற்றியது. இரண்டாவது சிறைக்கு வெளியே வேறொன்றைப் பற்றியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கும் செய்தியாளர் அறியாமலே வாசகரை ஏமாற்றுகிறார்.

ஆய்வுக்கூடச் சோதனைகளில், பங்கேற்றவர் எதைச் செய்யும்படி கேட்கப்பட்டார் என்பதைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். சைக்கோபதி உள்ளவருக்கு அச்சம் குறைவு என்பது 1957-இல் டேவிட் லிக்கன் செய்த ஆய்விலிருந்து தொடரும் கருத்து. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நியூமன் குழுவினர் 2010-இல் கைதிகளின் முன் வண்ண எழுத்துகளைக் காட்டினார்கள். ஒரு வண்ணம் வந்தால் மின்னதிர்ச்சி வரலாம். வண்ணத்தைக் கவனித்துச் சொல்லும்படி கேட்டபோது, பிசிஎல்-ஆரில் அதிக மதிப்பெண் பெற்ற கைதிகளின் திடுக்கிடலும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. கவனத்தை எழுத்தின் வேறு தன்மைக்குத் திருப்பியபோதுதான் அவர்களுடைய அச்சம் குறைந்து தெரிந்தது. ஆள் ஒருவரே; பணி மாறியதும் 'அச்சமற்றவர்' என்ற முடிவும் மாறிவிட்டது. மூளைப் படங்களுக்கும் இதே விதிதான். அச்சத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைவு என்று கட்டுரை சொன்னால், எத்தனை பேர், என்ன பணி, ஒப்பீட்டுக் குழுவினருக்கும் அதே அளவு போதைப் பழக்கமும் சிறைவாசமும் இருந்தனவா என்று பாருங்கள். இறந்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையும் 'வேலை செய்வதாக'க் காட்ட முடியும் என்று கிரெய்க் பென்னட் 2009-இல் நிரூபித்ததை இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கடைசியாகச் சிகிச்சை. 'சைக்கோபதிக்குச் சிகிச்சை தந்தால் இன்னும் மோசமாவார்கள்' என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, கனடாவின் ஒன்டாரியோவில் பெனட்டாங்குவிஷீன் ஊரின் ஓக் ரிட்ஜ் மருத்துவமனையைப் பற்றி மார்னி ரைஸ், கிராண்ட் ஹாரிஸ், கேத்தரின் கோர்மியர் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு. சிகிச்சை பெற்ற சைக்கோபதியினர், பெறாதவர்களைவிட அதிகமாக வன்முறைக் குற்றங்களுக்குத் திரும்பினர் என்பது உண்மை. ஆனால் எந்தச் சிகிச்சை? 1960-களிலும் 70-களிலும் நோயாளிகளே நோயாளிகளை நடத்திய, எல்எஸ்டி என்ற மனமயக்கப் பொருள் கொடுக்கப்பட்ட, ஆடையின்றி நாட்கணக்கில் ஓர் அறையில் இருத்திய திட்டம் அது. குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களும் அல்ல. மாறாக, விஸ்கான்சினின் மென்டோட்டா இளையோர் சிகிச்சை மையத்தைப் பற்றி மைக்கேல் கால்டுவெல் வெளியிட்ட ஆய்வுகளில், சைக்கோபதிப் பண்புகள் மிகுந்த பதின்வயதினரிடமும் தீவிர சிகிச்சைக்குப் பின் வன்முறை குறைந்தது. அதுவும் குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை, மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சமூக விரோத ஆளுமைக் கோளாறுக்கென வழக்கமாக மருந்து தரக் கூடாது என்றே சொல்கிறது; உடன் இருக்கும் மனச்சோர்வு, போதைப் பழக்கம் போன்றவற்றுக்குச் சிகிச்சை தரலாம்.

சிகிச்சை ஆய்வில் எதைக் கொண்டு பலன் என்கிறார்கள் என்பதையும் சரிபாருங்கள். பிசிஎல்-ஆர் பட்டியலில் இளவயதுக் குற்றமும் கடந்தகால மண உறவுகளும் இருப்பதால், ஒருவர் முழுதாகத் திருந்தினாலும் அந்த உருப்படிகளின் மதிப்பெண் இறங்காது. மறு கைது எத்தனை ஆண்டுகளுக்குக் கண்காணிக்கப்பட்டது, பாதியில் விலகியவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள் என்ற இரண்டு விவரங்களும் பெரும்பாலும் அட்டவணையின் அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.