வெளிநாட்டு ஷூட்டிங்க நம்ம நாட்டுக்கு வரவைக்கிறது எப்படி

சிங்கப்பூர்ல லொகேஷன் வேல பாக்குறேன்னு தெரிஞ்சதும் நெறைய பேர் கேக்குறாங்க, ஃபிலிம் கமிஷன்லாம், அதாவது வெளிநாட்டு ஷூட்டிங்க ஊருக்கு வரவழைக்கிற ஆபிஸ், என்னதான் பண்ணுவாங்கன்னு. நீங்களே அந்த வேலைல இருக்கீங்கன்னு வச்சு சொல்றேன்.

மொதல்ல காசு. ப்ரொட்யூசர் மொத மெயில்லயே கேக்குறது ரிபேட் எவ்ளோன்னுதான், அதாவது உள்ளூர்ல செலவு பண்ணின பில்ல ஆடிட் பண்ணி ஒரு பங்க திருப்பிக் குடுக்கறது. பக்கத்துல மலேசியா 30 சதவீதம் தராங்க, இந்தியா 2023ல 40 வரைக்கும் ஏத்திட்டாங்க. ஆனா எந்தச் செலவு கணக்குல வரும், காசு எப்ப கைக்கு வரும்னு தெளிவா எழுதி வைக்கிறது அதவிட முக்கியம், ஏன்னா பல பேரு ரிபேட் தரோம்னு நீங்க குடுத்த லெட்டர காமிச்சு கடன் வாங்கித்தான் படமே எடுக்குறாங்க, நீங்க இழுத்தடிச்சா அவங்களுக்கு வட்டி ஏறும், அடுத்த படத்துக்கு வேற நாடு பாத்துருவாங்க.

அப்புறம் உங்க ஊர்ல மட்டும் என்ன இருக்குன்னு பாருங்க. இங்க மலை கிடையாது, பாலைவனம் கிடையாது, வாடகையும் ஜாஸ்தி. ஆனா எதிர்கால நகரம் வேணும்னா செட்டே போட வேணாம், 'வெஸ்ட்வேர்ல்ட்'னு அமெரிக்க டிவி தொடரோட மூணாவது சீசன்ல சில சீன இங்க எடுத்தாங்களே.

ஃபோட்டோ அனுப்பினா பத்தாது, ரெக்கிக்கு, அதாவது ஷூட்டுக்கு முன்னாடி எடத்த நேர்ல பாக்க, ஆள வரவழைங்க, ஷூட் பண்ற நேரத்துலயே கூட்டிட்டுப் போங்க. தேக்கா மார்க்கெட்ட சாயந்தரம் காமிச்சு என்ன பிரயோஜனம், காலைல மீனும் ஐஸும் ஈரத்தரையுமா இருக்கும்போது காமிக்கணும். விடியக்காலை சீன்னா அடுக்குமாடி புளோக் கீழ நின்னு குயில் கத்துறத சவுண்ட் ஆளு காதால கேக்கட்டும்.

பர்மிட்தான் பெரிய வேல. ரோடுக்கு ஒரு ஆபிஸ், பார்க்குக்கு ஒண்ணு, ட்ரோனுக்கு ஒண்ணு, பொம்மத் துப்பாக்கின்னாலும் போலீஸ்கிட்ட போகணும். வெளிநாட்டுக்காரன் தனியா அலைஞ்சா ஒரு மாசம் போயிரும், அதனால கமிஷன்ல ஒரே ஆளு, ஒரே ஃபோன் நம்பர்னு வைங்க. ஒரு தடவ புளோக் கீழ்த்தளத்துக்கு பர்மிட் வாங்கிட்டு விடியக்காலைல வேன் நெறைய லைட்டோட போய் எறங்குறோம், அங்க மலாய்க் கல்யாணத்துக்கு மேச நாற்காலி போட்டு முடிச்சிட்டாங்க, ஒரே நாளுக்கு ரெண்டு பேருக்கு குடுத்திருக்காங்க! கல்யாண வீட்டுக்காரங்கள எழுப்ப முடியுமா, நாங்கதான் திரும்பினோம். அன்னிலேருந்து முந்தின நாள் சாயந்தரம் நானே நேர்ல போய் பாத்துருவேன், உங்க ஆளுக்கும் இத பழக்குங்க.

லோக்கல் க்ரூ இல்லேன்னா செலவு காசு வெளிநாட்டு ஆளுங்களோடயே அவங்க ஊருக்குத் திரும்பிரும், அதனால லைட்மேன் முதல் அக்கவுண்டன்ட் வரைக்கும் முன்னாடியே ட்ரெயின் பண்ணி வைங்க.

ஊரோட பேரு படத்துல வரணும்னு அக்ரிமென்ட்லயே போட்டுருங்க. இங்க எடுத்த தமிழ்ப் படம் 'ப்ரியா' 1978ல, 'நினைத்தாலே இனிக்கும்' 1979ல வந்துச்சு, எங்கம்மா சிங்கப்பூர மொத மொத பாத்தது அதுலதான்.

கடைசி நாள் பேக்கப் ஆனதும் ஷூட்டிங்கோட அன்றாடச் செலவையும் ஏற்பாட்டையும் பாத்துக்கிற லைன் ப்ரொட்யூசர உக்கார வச்சு எங்க லேட்டாச்சுன்னு கேட்டு எழுதிக்கங்க, ரிபேட்டுக்கான பில்லு அத்தனையும் கைக்கு வராம ஏர்போர்ட்டுக்கு அனுப்பாதீங்க.