எஸ்எம்பிஎஸ் மாற்றும் முன்

கம்ப்யூட்டர் சர்வீஸில் நான் அடிக்கடி மாற்றுவது, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சில வீடுகளில் சுவிட்சை, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் ஃபேஸ் உள்ளே நிற்கும். அப்புறம் கேபினட்டின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் பொறுங்கள்.

பெட்டியின் மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி, உள்ளே கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாகத் தேங்கும். ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிய கையோடு திறந்தேன். கெபாசிட்டரின் இரு கால்களும் விரலில் பட்டு, தோள்வரை உதறியது. அந்த நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

புதியதன் பின்புறம் 115/230 என்று சின்ன சுவிட்ச் இருந்தால் 230-இல் வையுங்கள். கழற்றி மாட்டும் கேபிள் என்றால் பழைய பெட்டியின் கேபிளைப் போடவே வேண்டாம். கேபிள் முனையில் உள்ள பின்களின் (ஊசிகளின்) வரிசை மாறினால் ஹார்ட் டிஸ்க் கருகும்.