எலுமிச்சை மண சென்ட் வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளின் கொல்லையில் லிமாவ் பூருட் எனும் எலுமிச்சை வகை மரம் நிற்பது சாதாரணம். கடைக்குக் கிளம்பும் முன் அதில் ஒரு காயைப் பறித்து, தோலை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மேடுபள்ளமான தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள் உடைந்து விரல் பிசுபிசுக்கும். பச்சை வாசமும் கசப்பும் கலந்து மூக்கில் ஏறும். இலையைக் கசக்கினால் மணமே வேறு. அந்தக் கூர்மை சிட்ரோனெல்லால் என்ற மணப்பொருள் தருவது. அடுத்து லிமாவ் கஸ்தூரி எனும் சிறு எலுமிச்சை வகையின் தோலையும் முகருங்கள். இந்த வேறுபாடு மூக்குக்குப் பழகிவிட்டால், இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் எனும் எலுமிச்சை வகைக் காயின் மணத்தையும் புட்டியில் பிரித்தறியலாம். 1709-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஃபரினா நிறுவனத்தின் கொலோன் நீர் எனும் வாசனை நீர் பெயர் வாங்கியது இத்தகைய தோல் எண்ணெய்களால்தான். நம் கொல்லைக் காயும் அந்த வரிசையில் வைக்கத் தக்கது என்பேன்.

எலுமிச்சை வகை மணம்தான் முதலில் பறந்துபோகும். ஆகவே மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வாருங்கள். அப்போது மிஞ்சுகிற மணம் பிடித்தால் மட்டும் காசைக் கொடுங்கள். வாங்கிய புட்டியை வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெப்பத்தில் இந்த எண்ணெய்கள் சீக்கிரம் கெடும்.

செலவில்லாமல் மணக்கலாம் என்று தோலை நேரடியாக உடம்பில் தேய்க்கவே வேண்டாம். அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் சருமத்தைப் புண்ணாக்கி, கறுத்த தழும்பை விட்டுச்செல்லும்.