ரோபோகாப்பி, புட்டி, ஆர்டிபி: விண்டோஸ் அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் சர்வர் பார்க்கும் நம்ம ஆட்கள் பலர் பையில் ஒரு பென்டிரைவ் இருக்கும். உள்ளே சர்வரில் ரிமோட்டாக நுழைய புட்டி, ஃபைல் அனுப்ப வின்எஸ்சிபி, ஃபைலைச் சுருக்க செவன்-ஜிப். இன்ஸ்டால் வேண்டாம், காசு வேண்டாம், தொட்டதும் திறக்கும். அந்த வசதியாலேயே செட்டிங்ஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ரோபோகாப்பியில்தான் அதிக சேதம் நடக்கிறது. அது விண்டோஸோடு வரும், கமாண்டில் ஓடும் ஃபைல் காப்பி டூல். 'எம்ஐஆர்' (/MIR) சுவிட்ச் போட்டால், சோர்ஸில் இல்லாத எதுவும் டெஸ்டினேஷனில் மிஞ்சாது. சொல்லாமல் கொள்ளாமல் அழித்துவிடும். இரண்டு பாதைகளையும் இடம் மாற்றி அடித்துவிட்டால், புதிதாக வாங்கிய காலி டிஸ்க்கைப் பார்த்து உங்கள் ஃபைல் சர்வரும் காலியாகும். ரீசைக்கிள் பின்னில் தேடிப் பிரயோஜனம் இல்லை. முதலில் 'எல்' (/L) சுவிட்சையும் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், செய்யப்போவதைப் பட்டியலாக மட்டும் காட்டும். 'எக்ஸ்ட்ரா ஃபைல்' (அழியப்போகும் ஃபைல்) என்று வரிசையாக ஓடினால் அங்கேயே நிறுத்திப் பாதையைப் பாருங்கள்.

அடுத்து ரீட்ரை. வேறு புரோகிராம் திறந்து வைத்திருப்பதால் காப்பி ஆகாத ஃபைலை 10 லட்சம் முறை, 30 விநாடிக்கு ஒரு தடவை முயல்வதுதான் இதன் டீஃபால்ட். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்கு கிட்டத்தட்ட 347 நாள்! யாரோ அவுட்லுக்கை மூடாமல் வீட்டுக்குப் போன ஒரு பிஎஸ்டி (அவுட்லுக்கின் மெயில் ஃபைல்) போதும். சனி இரவு விட்ட வேலை திங்கள் காலையும் சில்க் போர்டு டிராஃபிக் மாதிரி அங்கேயே நிற்கும். ரீட்ரை 2, காத்திருப்பு 5 விநாடி என்று குறைத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டாஸ்க் ஷெட்யூலரில் ரிசல்ட் கோடாக 1 வந்தால் பலர் பதறுகிறார்கள். ரோபோகாப்பிக்கு 1 என்றால் ஃபைல்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் கோளாறு. 0 என்றால் எதுவுமே காப்பி ஆகவில்லை. தினமும் மாறும் ஃபோல்டருக்கு 0 வந்துகொண்டே இருந்தால், என்னைக் கேட்டால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

புட்டியின் 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில் பி-521 வகை ஈசிடிஎஸ்ஏ கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக சர்வரில் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி) வைத்திருந்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி. சுமார் 60 கையொப்பங்கள் கிடைத்தாலே பிரைவேட் கீயைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்பது 2024 ஏப்ரலில் தெரியவந்தது. 0.81க்கு மாறினால் மட்டும் போதாது. பழைய கீயை ஒவ்வொரு சர்வரிலிருந்தும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். புட்டியின் கோடைப் பயன்படுத்தும் வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லாவுக்கும் இதே கதைதான்.

வின்எஸ்சிபியில் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காமல் பாஸ்வேர்டை சேமித்தால், அந்தப் பென்டிரைவை எடுப்பவர் கையில் சர்வரையே கொடுத்த கணக்கு.

அடுத்து ஆர்டிபி, அதாவது தூரத்திலிருந்தே சர்வர் திரையைத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப். அதன் வழக்கமான போர்ட் 3389. "மச்சா, 3389 போர்ட்டை மாத்திட்டேன், இனி கவலையில்ல" என்பார்கள். ஸ்கேன் செய்பவனுக்குப் புது எண்ணைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. 2019-இல் வந்த ப்ளூகீப் என்ற ஆர்டிபி பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. விபிஎன் அல்லது ஆர்டி கேட்வே (ஆர்டிபிக்கு நடுவில் நிற்கும் காவல் சர்வர்) இல்லாமல் ஆர்டிபியை இன்டர்நெட்டில் திறக்காதீர்கள். வேலை முடிந்ததும் ஜன்னலை மட்டும் மூடாமல் சைன் அவுட் செய்யுங்கள்; ஜன்னலை மூடினால் செஷன் அப்படியே நிற்கும், சர்வரில் அட்மினுக்கு இருப்பதே இரண்டு செஷன்.

வெண்டர் போட்டுவிட்டுப் போன ரிமோட் டூலையும் அன்றே எடுத்துவிடுங்கள். சர்வரில் நடந்ததைப் பதியும் லாகை மட்டும் அழிக்காதீர்கள்: இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி 180 நாள் வைத்திருக்க வேண்டும்.