வெண்டைக்காய் அச்சில் ஒரு டிசைன் பாடம்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஏதாவது வரைங்க" என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை என்றுதான் பெரும்பாலும் வரும். டிசைன் சொல்லிக்கொடுக்க வெண்டைக்காய் போதும்.

முற்றிய காயாக எடுத்து, காம்புப் பக்கம் கைப்பிடிக்கு விட்டு, குறுக்கே ஒரே வெட்டாக நீங்களே வெட்டிக் கொடுங்கள். ஐந்து இதழ்ப் பூ மாதிரி தெரியும். வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றி எடுப்பது முக்கியம். அந்த வழவழப்பு இருந்தால் கலர் ஒட்டாது, அச்சு திட்டுத்திட்டாக விழும். போஸ்டர் கலரைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல், தட்டில் வைத்த ஈர ஸ்பாஞ்சின் மேல் தடவிவிடுங்கள். கிண்ணத்தில் முக்கினால் கலர் வழிந்து பூ வெறும் வட்டமாகிவிடும்.

அப்புறம் ஏ4 தாளை நான்கு முறை பாதிபாதியாக மடித்துப் பிரித்தால் 16 கட்டங்கள் கிடைக்கும். ஸ்கேலே வேண்டாம். ஒரு கட்டத்தில் சிவப்பு, அடுத்ததில் மஞ்சள் என்று மாறி மாறி வைக்கச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தி, "அடுத்து எது வரும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் பாடமே. சிலர் வரிசையை மாற்றித் தாங்களாகவே புது டிசைன் போடுவார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள், எப்படி யோசித்தாய் என்று கேளுங்கள்.

சின்ன வெங்காயம், பாகற்காயும் சரிவரும். கலருக்கு ஒரு காய் தனியாக வையுங்கள், இல்லையென்றால் மஞ்சள் சீக்கிரம் அழுக்காகிவிடும்.