வெள்ளத்தில் நின்ற ஃபோர்வீல் வண்டி, சாவியைத் திருப்பும் முன்

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் வண்டி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாலோ, இப்போதுதான் தண்ணீர் வடிந்திருந்தாலோ, சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் பட்டனையும் அமுக்காதீர்கள். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும், தெரியும். வேண்டாம். மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம்.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் ஒரு டீசல் ஃபோர்வீல், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி, இருக்கிறது. ஒரு டிசம்பர் மழையில் மலேசியாவின் மெர்சிங் போய்விட்டுத் திரும்பும்போது, கோத்தா திங்கிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையே தெரியாத அளவுக்குத் தண்ணீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அந்த ஊர் எப்படி மூழ்கியது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். என் மச்சான்தான் ஓட்டினார், பம்பருக்கு மேல் தண்ணீர் ஏறியதும் இன்ஜின் அணைந்துவிட்டது. அவர் செய்த நல்ல காரியம், திரும்ப ஸ்டார்ட் செய்யவே இல்லை. அதனால் இன்ஜின் பிழைத்தது. ஆனால் வண்டியைக் கொடுத்த பட்டறையில் இன்ஜினை மட்டும் பார்த்துவிட்டு "சரியாயிடுச்சு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள், நாங்களும் நம்பி எடுத்துக்கொண்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது பின்பக்கம் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். பின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் சக்கரம் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியை, திறந்தால் எண்ணெய் இல்லை, சாம்பல் நிறக் குழம்புதான் இருந்தது. பேரிங்கும் பற்சக்கரங்களும் போய்விட்டன.

சாதாரண காருக்கும் ஃபோர்வீல் வண்டிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். ஃபோர்வீலில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று எண்ணெய் நிற்கும் இடமே ஐந்து. இன்ஜின் ஓடிவிட்டது என்பதற்காக மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டுக்குப் போனால்தான் இந்த ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலேயே 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் சாலையே மூழ்கியது. 2021 ஆகஸ்ட் 20 அன்று பாசிர் ரிஸ் டிரைவ் 12, தெம்பனிஸ் அவென்யூ 10 சந்திப்பில் கார்கள் தண்ணீரில் மாட்டி நின்றன.

படி 1: தண்ணீர் எதுவரை வந்தது என்று பாருங்கள்

ஆட்கள் பத்திரமாக வெளியே வந்த பிறகுதான் வண்டியைப் பற்றிய பேச்சு. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டுவிட்டு மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

வடிந்ததும் கதவில், சீட்டில், இன்ஜின் அறையின் உள்பக்கத்தில் சேற்றுக் கோடு ஒன்று தெரியும். அதைக் கழுவுவதற்கு முன்னால் படம் எடுங்கள். வெளியே நாலு பக்கமும், உள்ளே தரைவிரிப்பு, டேஷ்போர்டு, இன்ஜின் அறை, எல்லாம். இன்சூரன்ஸுக்கு இது தேவைப்படும், மெக்கானிக்குக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும். கோடு சக்கரத்தின் நடுவரைதான் என்றால் டிஃபரன்ஷியலும் சக்கர பேரிங்கும் கவலை. கதவைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள மின்சாரமும் சேரும். ஏர் ஃபில்டர் பெட்டிவரை போயிருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"என் வண்டி உயரம்தானே" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு ஆழம் தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி ரொம்பவே மாறும். புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மில்லிமீட்டர்வரை சொல்கிறார்கள், ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800, சின்ன ஜிம்னிக்கோ சுமார் 300தான். அதுவும் மெதுவாக ஓட்டினால் உள்ள கணக்கு. எதிரே ஒரு லாரி வந்து அலை அடித்தால் அந்தக் கணக்கு நிற்காது.

இது மழைத் தண்ணீரா, லோங்காங் (சாக்கடை) தண்ணீரா, கடல் தண்ணீரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல் தண்ணீர் என்றால் அவசரம் பத்து மடங்கு. இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்ததும் முதல் வேலையாக நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுக்கக் கழுவச் சொல்லுங்கள், உப்பு காய்ந்துவிட்டால் மின் இணைப்புகளைப் பச்சையாக அரித்துவிடும்.

படி 2: பேட்டரி

நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். தண்ணீர் பேட்டரியின் மட்டத்துக்கு இருந்தால் வடியும்வரை பொறுங்கள். ஹைப்ரிட் அல்லது மின்வண்டி என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடக் கூடாது, அதற்குப் பயிற்சி பெற்றவர்தான் வர வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். ஈரத்தோடு பிடித்தபடியே இரண்டு நாள் நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 3: இரண்டு போன்

முதல் போன் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு. சிங்கப்பூரில் விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வெள்ளத்துக்கும் அதே வேகத்தில் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டு ஒரு லாபமும் இல்லை. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம் பெரும்பாலும் அடங்கும், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் அடங்காது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது, மலேசியாவில் நடந்தாலும் பொருந்துமா, எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சரி சொல்லாமல் எதையும் கழற்றிவிட்டால் பிறகு வாக்குவாதம் வரும்.

இரண்டாவது போன் இழுவை வண்டிக்கு. சிங்கப்பூர் விரைவுச்சாலையில் நின்றிருந்தால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி காசில்லாமல் பக்கத்துக் கார்பார்க்வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து பட்டறைக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அப்போது மறக்காமல் "இது ஃபோர்வீல், நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வேண்டும்" என்று சொல்லுங்கள். முன் சக்கரத்தை மட்டும் தூக்கிப் பின் சக்கரத்தைத் தரையில் உருட்டிக்கொண்டு போனால், எப்போதும் நாலு சக்கரமும் இயங்கும் வகை வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் வெந்துவிடும். வெள்ளம் செய்யாத சேதத்தை இழுவை வண்டி செய்த கதை நிறைய உண்டு.

வீட்டுக் கீழே வீவக (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் வைத்து நாமே கழற்றலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே வண்டி ரிப்பேர் வேலை செய்யக் கூடாது, பழைய எண்ணெயைக் கால்வாயில் விடுவது குற்றம். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ ஃபோர்வீல் பார்த்துப் பழகிய பட்டறையைத் தேடுங்கள். இனி வரும் படிகளை நீங்களே செய்யத் தேவையில்லை. ஆனால் பக்கத்தில் நின்று "இதைத் திறந்தீங்களா அண்ணே" என்று கேட்கிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: இன்ஜின்

ஏன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றால், சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அழுத்தும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி நின்றுவிடும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சுகிற இடம் பெட்ரோலைவிடக் குறைவு, அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் நல்ல அறிகுறி. நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசலில் குளோ பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தடங்கல் இல்லாமல் சுற்றினால் பேட்டரியை இணைத்து, எரிபொருள் போகாமல் பம்ப் ஃபியூசை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றலாம். தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். இந்த வேலை அன்றைக்கே நடக்காது என்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெயாவது விடச் சொல்லுங்கள், துரு ஒரு ராத்திரியில் ஆரம்பித்துவிடும்.

டர்போ வண்டியில் பலர் விட்டுவிடுகிற இடம், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். சிலிண்டரை உலர்த்தி, ஃபில்டரை மாற்றி, எல்லாம் முடித்து ஸ்டார்ட் செய்வார்கள், இன்டர்கூலரின் அடியில் தேங்கிய தண்ணீரை இன்ஜின் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கீழ்க் குழாயைக் கழற்றி வடித்த பிறகுதான் அடுத்த வேலை.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் நுரையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். விலை குறைந்த எண்ணெய் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வடித்துவிட்டு, ஃபில்டரோடு நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். டீசல் என்றால் எரிபொருள் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருக்கும், அந்தத் திருகைத் தளர்த்திச் சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள்.

படி 5: மற்ற நான்கு இடங்கள்

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்த டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். அது சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கினால் வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். அதற்கென்று மேலே பிரீதர் என்ற சின்ன மூச்சுத் துளை உண்டு, அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அடைத்துப் போயிருந்தால் ஆக்சில் சீல் வழியாக இழுக்கும். ஆக, இன்ஜினுக்குள் ஒரு சொட்டுகூடப் போகாத ஆழத்திலேயே டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் போய்விடலாம். எங்கள் வண்டிக்கு நடந்ததும் இதுதான்.

திறக்கும் முறை முக்கியம். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு பிளக் இருக்கும், மேலே எண்ணெய் ஊற்றுவது, கீழே வடிப்பது. எப்போதும் மேல் பிளக்கை முதலில் தளர்த்துங்கள். கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து வரவில்லை என்றால், எண்ணெய் ஊற்ற வழியே இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியிருக்கும். வடிவதை ஒரு தட்டில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் அல்லது பால் நிறம் என்றால் தண்ணீர், மினுமினுப்பான துகள் என்றால் உலோகம் தேய ஆரம்பித்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி மறுபடி வடிக்க வேண்டும், நிறம் தெளியும்வரை. ஒரு தடவை போதாது.

ஆட்டோ கியர்பாக்ஸில் எண்ணெய் பொதுவாகச் சிவப்பு. அது பண்டோங் மாதிரி இளஞ்சிவப்புப் பாலாகியிருந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். உள்ளே உள்ள கிளட்ச் தகடுகளில் உராயும் பகுதி பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீர் பட்டால் உரிந்து வரும். வடித்தாலும் டார்க் கன்வெர்ட்டருக்குள் பாதி நின்றுவிடும் என்பதால் பல தடவை மாற்ற வேண்டும், ஃபில்டரையும் சேர்த்து. இதில் மட்டும் செலவைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே தள்ளப்படும்வரை அடிக்க வேண்டும். சக்கர பேரிங், பிரேக், ஃபோர்வீல் மாற்றும் மோட்டாரின் இணைப்பு, இவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பிரீதர்களில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறையின் உச்சிவரை ஏற்றிவிடச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், அடுத்த மழைக்கு உதவும்.

படி 6: உள்பக்கம்

நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, கதவைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும் என்பது இங்கே நடக்காது. இரண்டு நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். சீட்டுகளைக் கழற்றித் தரைவிரிப்பை முழுவதும் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அதற்கு அடியில் உள்ள தடித்த பஞ்சுதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பிழியலாம். லோங்காங் தண்ணீர் ஊறிய பஞ்சு என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், குழந்தைகள் உட்காரும் வண்டி.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் இருந்தால் அவை ஏர்பேக்கைச் சேர்ந்தவை. பேட்டரி கழற்றிச் சில நிமிடம் ஆகாமல் அவற்றைத் தொடாதீர்கள். மற்ற இணைப்புகளைப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும்.

படி 7: சரி செய்வதா, விட்டுவிடுவதா

தண்ணீர் டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் என் கருத்து, விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர்களும் ஒயர்களும் ஆறு மாதம் கழித்துக்கூட ஒவ்வொன்றாகப் போகும். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) எத்தனை வருஷம் மிச்சம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரு வருஷமே இருக்கிற வண்டிக்குக் கியர்பாக்ஸ் மாற்றுவது வீண். இன்சூரன்ஸ் முழு நஷ்டம் என்று முடிவு செய்தால் எவ்வளவு தருவார்கள், பதிவை ரத்து செய்தால் மிச்ச சிஓஇக்கு என்ன திரும்பி வரும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி செய்வது என்று முடிவெடுத்தால், பட்டறையிலிருந்து எடுத்து வந்த பிறகு 500 கிலோமீட்டரில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை, இரண்டு டிஃபரன்ஷியலின் மேல் பிளக்கையும் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். என் மச்சான் இப்போது இதை அவரே செய்கிறார், போன வாரம் விரலைக் காட்டி "மாமா, தேன் மாதிரி இருக்கு" என்றார்.